கம்பெனி கலையலாம், கூலி கலையலாமா?

தோட்டம் கைமாறப் போகும் சேதி லயத்துக்குக் கடைசியாகத்தான் வருகிறது. அதற்கு முன்பே உரம் வாங்குவது நிற்கும். சம்பள நாள் தள்ளிப்போகும். சேமநிதிச் சந்தா கட்டாமல் கிடக்கும். இந்த அறிகுறிகளைக் கணக்கெழுதும் கிராணிமார் முதலில் காண்கிறார்கள். பால்வெட்டும் தோழர்களுக்கு அவர்கள் அதைச் சொல்வதே ஒற்றுமையின் முதற் படியாகும்.

கம்பெனி கலைப்பு இருவகைப்படும். கடனடைக்க வழியின்றி மஞ்சள் கடுதாசி கொடுப்பது ஒன்று. கையில் பணமிருந்தும் சொத்தை விற்றுப் பங்காளிகள் பிரித்துக்கொண்டு கடையைக் கட்டுவது மற்றொன்று. 1950-களில் மலாயாத் தொழிலாளியை உலுக்கிய துண்டாடலுக்கு நட்டம் காரணமன்று. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல நல்ல விலைக்குத் தோட்டங்களை விற்றுக் கரையேறின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்று லாபம் கண்டனர். 1951 முதல் 1960 வரை நடந்த இக்கொடுமையைப் பேராசிரியர் உங்கு அஸிஸ் ஆராய்ந்து எழுதினார். துன் சம்பந்தன் முயற்சியில் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1961-ல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. தொழிலாளி சேர்த்த பணமே தோட்டத்தைக் காத்தது.

அம்பாங்கானில் நின்று சுற்றிப் பாருங்கள். சிரம்பான் நகரம் வளர வளர, ரப்பர் நின்ற மண்ணில் வீடுகள் எழுந்தன. பாலைவிட மண்ணுக்கு விலை கூடினால் முதலாளிக்கு மரம் எதற்கு?

சட்டம் நமக்கு என்ன தருகிறது? 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு நட்டஈடு உண்டு. ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் கூலி. ஐந்தாண்டுக்குக் குறைந்தால் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். நாளுக்கு 65 வெள்ளி வாங்கி 20 ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் கூலி, அதாவது 26,000 வெள்ளி. புது முதலாளி ஏழு நாளுக்குள், பழைய நிலைக்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வந்தால் மட்டுமே இத்தொகை இல்லை.

ஆனால் கம்பெனி முழுகிவிட்டால் வரிசை வருகிறது. 2016-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 527-ஆம் பிரிவு, கலைப்புச் செலவுக்கு அடுத்த இடத்தைக் கூலிக்குக் கொடுத்திருக்கிறது. நல்லதே. எனினும் கலைப்புக்கு முந்திய நான்கு மாதக் கூலிக்குத்தான் அந்த இடம். அதிலும் ஆளுக்கு 15,000 வெள்ளிதான் உச்சம். அதற்கு மேற்பட்ட கூலிப் பாக்கி சாதாரணக் கடன்காரரோடு கடைசியில் நிற்கும். கலைப்பு உத்தரவு பிறந்துவிட்டால், கம்பெனி மீது வழக்குத் தொடரவும் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆகவே ஒரு மாதச் சம்பளம் தவறினாலே தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் பொறுப்பது பெருந்தன்மையன்று, ஏமாளித்தனம்.

சம்பளச் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். சேமநிதிக் கணக்கை அடிக்கடி பாருங்கள். கலைப்பதிகாரி அறிவிப்புக் கொடுத்ததும் உங்கள் பாக்கியை எழுத்தில் கோருங்கள். வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவின் வேலை காப்புறுதிக்கு மனுச் செய்யுங்கள்.

இத்தனை செய்தாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. தோட்டத்தில் வேலையோடு வீடும் போகிறது. இருபது ஆண்டு குடியிருந்த லயத்துக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. கூலிப் பாக்கிக்கான உச்சத்தை உயர்த்த வேண்டும். தோட்டம் விலைபோகுமுன் குடியிருப்போருக்கு மாற்று வீடு உறுதியாக வேண்டும். இவ்விரண்டையும் பிச்சையாகக் கேட்கவில்லை. மண்ணின் விலையை உயர்த்திய வியர்வையின் பங்காகக் கேட்கிறோம்.