தூசியை அளந்தீர்களே, எந்த இடத்தில், எந்த நேரத்தில் அளந்தீர்கள்?



கிரஷர் ஓடினால் வெண்டைச் செடியும் தென்னங்கீற்றும் சுண்ணாம்பு பூசின மாதிரி நிற்குது. மாடு தட்டையை முகர்ந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்குது. பெரியவங்க விடிய விடிய இருமுறாங்க. மனு கொடுத்தால் வருகிற பதில் ஒன்றுதான்: "காற்றை அளந்தாச்சு, எல்லாம் வரம்புக்குள்ளேதான் இருக்கு." இவங்களுக்கு என்ன தெரியப் போகுது என்ற தைரியத்தில் சொல்லும் பதில் இது. தெரிந்து கொள்வோம்!

ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்பதுதான் அளவு. 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசி பி.எம்.10. 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளது பி.எம்.2.5. நம்ம தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற புழுதி பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை இறங்கி, மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டு விடுகிறது. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது கொண்டு வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்தே கிடையாது.

2009ல் மத்திய அரசு அறிவித்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக பி.எம்.10க்கு 100, பி.எம்.2.5க்கு 60. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னதோ 45ம் 15ம்தான்! ஆக, 'வரம்புக்குள்' என்றாலே நல்ல காற்று என்று அர்த்தமில்லை.

அடுத்து 'சராசரி'. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரஷர் ஓடும் 8 மணி நேரம் பி.எம்.10 அளவு 240, நிற்கும் 16 மணி நேரம் 30 என்று வையுங்கள். சராசரி சரியாக 100! காகிதத்தில் குற்றமில்லை. ஆனால் அந்த 8 மணி நேரம்தானே நாம் குனிந்து களை பறிக்கிறோம், மூச்சு வாங்க மண்வெட்டி போடுகிறோம்? நம்ம நெஞ்சுக்குச் சராசரி தெரியுமா?

ஆண்டுச் சராசரிக்கு வாரம் இரண்டு நாள் வீதம் 104 நாள் அளந்தால் போதும் என்கிறது விதி. மீதி 261 நாளுக்கு யார் பொறுப்பு? மேல்காற்று அடிக்கிற ஆடி மாசத்தில் கிரஷருக்கு மேற்கே கருவியை வைத்தால் என்ன தெரியும்? தூசி கிழக்கேயல்லவா போகிறது!

2019ல் வந்த தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரங்களுக்குத்தான். கிராமத்தானுக்கு நுரையீரல் இல்லையா?

கிரஷரை மூடு என்று நாம் சொல்லவில்லை. அங்கே கல் சுமப்பதும் நம்ம பிள்ளைகள்தான். தண்ணீர் தெளித்து, தகரம் போட்டு மூடி, லாரிக்குத் தார்ப்பாய் கட்டி ஓட்டு என்கிறோம். அதற்குச் செலவு பண்ண மனமில்லாமல் நம்ம நெஞ்சில் கொட்டாதே என்கிறோம்.

நம் கோரிக்கைகள்:

1. கிரஷர் ஓடும் நேரத்தில், காற்று போகும் திசையில், ஊருக்குள் அளக்க வேண்டும்.
2. சராசரியோடு மணிவாரி அளவையும் தமிழில் ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும்.
3. அளக்கும்போது ஊர்க்காரர் இருவர் உடனிருக்க வேண்டும்.
4. கல் உடைப்போருக்கும் சுற்று வட்டார மக்களுக்கும் இலவச நுரையீரல் பரிசோதனை வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய அளவுகளைக் கேளுங்கள். இனி யாராவது "அளந்தாச்சு" என்று சொன்னால், "எங்கே? எப்போது? எவ்வளவு?" என்று கேளுங்கள்.

கேட்காத வரை காகிதம்தான் பேசும். கேட்போம், அணி திரள்வோம்!