மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போய், அங்கிருந்து ரிவர்ஸ்டன் மேட்டை ஏறி இறங்கினால், இலுக்கும்புர, பல்லேகம தாண்டி ஹெட்டிபொல வரும். வில்கமுவ பிரதேசத்தின் கடைத்தெரு அதுதான். ஏறும் பக்கம் தேயிலை, மிளகு, லயன் வீடுகள், சின்னச் சின்ன மாரியம்மன் கோயில்கள். உச்சியில் ஆளைத் தள்ளும் காற்று, மூடுபனி. இறங்க இறங்க மண் காய்ந்து, மரங்கள் மாறி, வயலும் சேனையும் பன்சலையுமாக ஊர்கள் விரியும். நக்கிள்ஸ் மலை ஒரு பருவமழையை இந்தப் பக்கமே மறித்துக்கொள்வதால் இரண்டு சரிவுகளும் இரண்டு நாடுகள் போல இருக்கின்றன. பேச்சும் அப்படித்தான். ஏறும் சரிவின் தோட்டங்களில் தமிழ் கேட்கும். இறங்கிய பிறகு சிங்களம் மட்டும்தான்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் ஏறத்தாழ 4 லட்சத்து 84 ஆயிரம் பேர். ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். மீதிப் பங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் ஏறக்குறைய சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். வில்கமுவவில் அந்தக் கலப்பு இல்லை. அங்கே ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து உயர்தரம் முடித்து வெளியே வரும்வரை, 13 ஆண்டுகளில் ஒரு நாள்கூட ஒரு தமிழ்ப் பிள்ளையின் பக்கத்து வாங்கில் உட்காராமலே போகலாம். இரத்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதே கதி. இருவரும் போடுவது ஒரே வெள்ளைச் சீருடை. படிப்பது ஒரே பாடத்திட்டம். ஐந்தாம் ஆண்டில் எழுதுவது ஒரே புலமைப்பரிசில் பரீட்சை. மொழி மட்டும் வேறு. அந்த ஒன்று வேறானதால் பள்ளிக்கூடமும் வேறு, ஆசிரியரும் வேறு, நண்பர்களும் வேறு.

இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள் என்று கேட்டால் உடனே 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைக் காட்டுவது நம் பழக்கம். உண்மை அதைவிடப் பழையது. அதை ஏற்றுக்கொள்வதும் கடினம், ஏனென்றால் அது நல்ல எண்ணத்தில் தொடங்கியது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர தலைமையில் அமைந்த கல்விக் குழு 1943இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. கூடவே ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழி என்ற முடிவும் வந்தது. அதற்கு முன் நல்ல கல்வி என்றால் ஆங்கிலக் கல்வி. காசு கட்ட முடிந்தவர்களின் கல்வி. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளில் சிங்களப் பையனும் தமிழ்ப் பையனும் ஒரே வகுப்பில் இருந்து நண்பர்களானார்கள் என்பது மெய்தான். ஆனால் அந்த நட்பு நாட்டில் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிட்டாத நட்பு. வயல் வேலை செய்தவனின் பிள்ளைக்கு அந்த வாசலே திறந்ததில்லை. தாய்மொழிக் கல்விதான் அந்த வாசலைத் திறந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் உடனே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1948இல் அவர்களின் பெற்றோர் குடியுரிமை இழந்தார்கள். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததோ எழுபதுகளில்தான்.

1953 முதல் இடைநிலை வகுப்புகளும் படிப்படியாகச் சுயபாஷைக்கு மாறின. 1960, 61 சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. ஏழைக்குக் கதவு திறந்த அதே சட்டங்கள், ஏழைச் சிங்களப் பிள்ளையும் ஏழைத் தமிழ்ப் பிள்ளையும் சந்திக்கக்கூடிய ஒரே பொது இடத்தையும் மெல்ல மெல்ல மூடிவிட்டன. அன்று யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்று பத்தாயிரத்துச் சொச்சம் அரசுப் பாடசாலைகளில், சிங்களமும் தமிழும் ஒரே வளவில் போதனா மொழிகளாக உள்ளவை நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது.

தமிழர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1924இல் யாழ்ப்பாணத்தில் ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸ், இன்றைய இளைஞர் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் மூத்தது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். முழுச் சுதந்திரம் கேட்டு 1931 தேர்தலையே பகிஷ்கரிக்கச் செய்தார்கள். சிங்களத் தலைவர்களைத் தங்கள் மேடைக்கு அழைத்தார்கள். சிங்களப் பிள்ளை தமிழும் தமிழ்ப் பிள்ளை சிங்களமும் படிக்க வேண்டும் என்று வாதாடினார்கள். அதே இளைஞர்கள் தங்கள் வீட்டுக்குள் ஒரு சண்டையும் போட வேண்டியிருந்தது: சம ஆசனம், சம போசனம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் உட்காராமல் மற்றவர்களோடு வாங்கில் உட்கார வேண்டும் என்று 1929 வாக்கில் உத்தரவு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருவதைத் தடுக்கப் பள்ளிக்கூடத்தையே எரிக்கத் துணிந்தவர்கள் நம்மிலும் இருந்தார்கள். வாங்கு என்பது சின்ன விஷயம் அல்ல என்பதை அந்தத் தீ வைத்தவர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதுவரை சிங்களத்தை ஒரு பாடமாகப் படித்துவந்த வடக்குப் பள்ளிகளில், அதைப் படிப்பதே தலைகுனிவு என்ற உணர்வு பரவியது. கட்டாயப்படுத்தினால் எந்த மொழியும் கசக்கும். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் விலை கொடுத்தது பிள்ளைகள். அடுத்து வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல், 1977, 1983 கலவரங்கள் எல்லாம் ஒருவரையொருவர் அறியாத இரண்டு தலைமுறைகளின் மேல் விழுந்தன. 83 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. சில ஆண்டுகளில் அதே மாவட்டத்துச் சிங்கள இளைஞர்கள் அரசுக்கு எதிரான கிளர்ச்சியிலும் அதை அடக்கியதிலும் மடிந்தார்கள். 2012 கடைசியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. அவை எந்தக் காலத்தவை என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. இரண்டு பக்கத்துத் தாய்மாரும் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளைத் தேடியிருக்கிறார்கள். அது தெரியாமலே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வளர்கிறார்கள்.

முகாம்களும் பரிமாற்றங்களும் இந்த இடைவெளிக்குள்தான் வந்தன. சிறீலங்கா யுனைட்ஸ் என்ற இளைஞர் இயக்கம் 2007இல் தொடங்கி, பல மாவட்டங்களின் பள்ளி மாணவத் தலைவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்துப் பழகவிட்டது. சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையைக் கல்வி அமைச்சு 2008இல் வெளியிட்டது. பள்ளிகளை இணைக்க வேண்டும், ஒருவர் மொழியை ஒருவர் படிக்க வேண்டும் என்று 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு பரிந்துரைத்தது. 2012 ஜனவரியில் மும்மொழி இலங்கைக்கான பத்தாண்டுத் திட்டம் தொடங்கியபோது அப்துல் கலாம் கொழும்புக்கு வந்திருந்தார். அந்தப் பத்தாண்டும் கடந்துவிட்டது.

ஒரு பரிமாற்ற நாள் எப்படி நடக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். காலையில் பஸ் வரும். வெற்றிலை கொடுத்து வரவேற்பார்கள். கிரிபத் இருக்கும், வடையும் இருக்கும். ஒரு பக்கம் கண்டிய நடனம், மறு பக்கம் கோலாட்டம். பிறகு விளையாட்டு. விளையாட்டில்தான் முதல் தடவை சிரிப்பு கலக்கும். பந்துக்கு மொழி வேண்டாம். மூன்று மணிக்குப் படம் எடுத்துக்கொண்டு பஸ் கிளம்பும். கையசைத்து முடித்ததும் அந்தப் பிள்ளைகளுக்குள் மிச்சம் என்ன? தொலைபேசி இலக்கம் வாங்கிக்கொண்டாலும், எடுத்து எந்த மொழியில் பேசுவது?

இதனால் முகாம்கள் வீண் என்று சொல்லிவிட முடியாது. தீபக் மல்ஹோத்ராவும் சுமணசிறி லியனகேயும் இலங்கையில் நான்கு நாள் சமாதான முகாம் ஒன்றில் இருந்த இளைஞர்களை ஓராண்டு கழித்து ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். முகாமுக்குப் போனவர்களிடம் மற்றச் சமூகத்தின் மீதான பரிவு, போகாதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. மற்றச் சமூகத்து ஏழைப் பிள்ளைகளுக்கென்று கேட்டபோது அவர்கள் கூடுதலாகக் காசும் கொடுத்தார்கள். நான்கே நாள் ஓராண்டு தாங்கியிருக்கிறது. அப்படியானால் மாதக்கணக்கில் பழகவிட்டால் என்ன ஆகும்?

மட்டக்களப்பில் ஒருவர் அதைச் செய்து பார்த்தார். போர் நடந்துகொண்டிருந்த 1996இல், பாதிரியார் போல் சற்குணநாயகம், கனடாவிலிருந்து வந்த கலைஞர் போல் ஹோகனோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாள், மாதக்கணக்கில் அங்கே வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. இரு பக்கமும் தமிழ் பேசியது. சண்டை போட்டால் சண்டையையும் ஒரே மொழியில் போட்டு ஒரே மொழியில் தீர்த்துக்கொள்ளலாம்.

வில்கமுவவுக்கும் இரத்தோட்டைக்கும் இடையில் அந்த வசதி இல்லை. அதனால்தான் என் கவனம் முகாமைவிட மொழி வகுப்பின் மேல் நிற்கிறது. 1997க்குப் பிந்திய சீர்திருத்தங்களோடு இரண்டாம் தேசிய மொழி பாடத்திட்டத்துக்குள் வந்தது. பல பள்ளிகளில் அது கால அட்டவணையில் இருக்கிறது, ஆசிரியர்தான் இல்லை. தமிழே காதில் விழாத வலயத்தில் தமிழ் கற்பிக்க ஆள் தேடுவது இன்னும் கடினம். இருக்கும் ஆசிரியரும் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

ஒரு சின்னச் சொல்லை எடுத்துக்கொள்வோம்: காகம். முதல் ககரத்தை வல்லென்று சொல்கிறோம், இரண்டாவதை மெல்லென்று. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆகவே சிங்களப் பிள்ளை 'கா' எழுதிவிட்டு அடுத்த எழுத்தில் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். தமிழ்ப் பிள்ளை சிங்களம் எழுதும்போதும் அதே இடத்தில்தான் நிற்கும், எந்தக் ககரம் என்று தெரியாமல். பக்கத்தில் மற்ற மொழிப் பிள்ளை ஒன்று இருந்தால் ஒரு வார்த்தையில் தீரும் சந்தேகம் இது. பிறகு தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அம்மா இரு பக்கமும் அம்மா. அக்கா இரு பக்கமும் அக்கா. அவர்களின் கடே நம் கடை. உளுந்து அவர்களிடமும் உளுந்துதான். அண்ணனைத்தான் அவர்கள் ஐயா என்பார்கள், அதைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். வில்கமுவ என்ற பெயரின் முன்பாதியான 'வில்'லும் அப்படித்தான்: வெள்ளம் தேங்கும் பள்ளத்தை மட்டக்களப்புத் தமிழரும் வில்லு என்றே சொல்கிறார்கள். தேயிலை மலையில் பிறந்து, வில்கமுவவின் ஓரத்தால் போய், மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிற மகாவலிக்கும் இரு மொழியிலும் ஒரே பெயர்.

இதற்குக் காலம் பிடிக்கும். வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கப் பெற்றோரே முன்வந்து 1981இல் பெல்பாஸ்ட்டில் லாகன் கல்லூரியைத் தொடங்கினார்கள். முதல் நாள் 28 பிள்ளைகள். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அங்கே பத்தில் ஒரு பிள்ளைகூடக் கலப்புப் பள்ளியில் படிக்கவில்லை. அங்கே மொழியும் ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பெற்றோர் கைவிடவில்லை.

நம் பக்கமும் நல்ல அறிகுறி இல்லாமலில்லை. மலையகத் தமிழரின் முன்னோர் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்த பாதையில், 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை இறுதியில் ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. அந்தக் காட்டுவழியில் செத்து விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று வில்கமுவப் பிள்ளையின் வரலாற்றுப் புத்தகம் சொல்லியிருக்காது. மினிப்பே இடதுகரை வாய்க்காலின் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்து, இரவில் யானைக்குக் காவல் இருக்கும் வில்கமுவ விவசாயியின் பாடும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. வஸ்கமுவ பக்கம் யானைத் தடத்தின் ஊடாகப் பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போக வேண்டாம் என்று ஒரு தொண்டு அமைப்பு தனி பஸ்ஸே ஓட்டியிருக்கிறது. மனம் இருந்தால் பிள்ளைகளுக்காக பஸ் விட முடியும்.

மாத்தளை மாவட்டத்தில் நான்கு கல்வி வலயங்கள்: மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ. நட்பு வளர்க்க யாழ்ப்பாணம்வரை போகத் தேவையில்லை. இரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவத் தோட்டங்களில் சிங்களமும் சரளமாகப் பேசும் தமிழ்ப் பட்டதாரிகள் இருக்கிறார்கள், பலர் வேலை இல்லாமல். அவர்களில் சிலரை இரண்டாம் மொழி ஆசிரியர்களாக வில்கமுவ வலயத்துக்கு நியமியுங்கள், தங்க இடமும் கொடுத்து. அந்தப் பக்கத்திலிருந்து தமிழ் படித்த சிங்கள ஆசிரியர்கள் இந்தப் பக்கம் வரட்டும். மாதம் ஒரு தடவை, அதே பிள்ளைகளை, ஒரு முழு ஆண்டுக்கு ரிவர்ஸ்டன் தாண்டி அழைத்துப் போங்கள். மேடையும் வெற்றிலையும் முதல் நாளோடு போதும். இரண்டாம் மாதத்திலிருந்து அவர்களை ஒரே வாங்கில் உட்காரவையுங்கள். இதை மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் கேட்க வேண்டியவர்கள் இரு பக்கத்துப் பெற்றோரும் அதிபர்களும்தான். அடுத்த தவணை தொடங்குமுன் கேளுங்கள்.