கொல்லையில் கிடந்த புல்லட்

மாமனார் ஓட்டிய புல்லட் 12 வருஷமாகக் கொல்லையில் கோழி அடையக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் என்னவர். பிள்ளை விடவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகையோ அவன் காலேஜ் ஃபீஸைத் தாண்டியது. வீட்டிலேயே இறங்கிவிட்டோம்.

டாங்க் முழுக்கத் துரு. மிச்சமிருந்த பெட்ரோலைத் திறந்த வெளியில் வடித்தோம் (அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுவராதீங்க!). குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 2 லிட்டர் வினிகரும் ஒரு கைப்பிடி நட்டுகளும் போட்டு, பக்கம் பக்கமாய்த் திருப்பி ஊறவைத்துக் குலுக்கினோம். டிகாக்‌ஷன் மாதிரிக் கொட்டியது! சமையல் சோடாத் தண்ணீரில் அலசி உடனே காயவைக்கணும். ஈரம் நின்றால் மறுபடி துருதான்.

சீட் உறை என் கைவேலை. சோபாவுக்கு வாங்கியதில் மிஞ்சிய ரெக்ஸின், மிஷினில் 18-ஆம் நம்பர் ஊசி.

பிரேக் ஷூ, கேபிள், டயர் மூன்றிலும் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. பார்வைக்கு நல்ல டயர்தான், ஓரமெல்லாம் வெடிப்பு. ஓட்டப்போவது நம்ம பிள்ளையாச்சே! புதிசு வாங்கி, மெக்கானிக்கை வரவழைத்தே மாட்டினோம். பழைய பிரேக் தூசியை வாயால் ஊதாதீங்க, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கட்டி எறிந்துவிடணும்.

இப்போது சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டணுமாம் பிள்ளைக்கு. காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.