பிளானை ஏத்தியும் மாடியில வைஃபை வரலையா? 2.4, 5, 6 ஜிகாஹெர்ட்ஸ்: எது எதுக்கு?

புதுச்சேரி ரெட்டியார்பாளையம் மாதிரி நெருக்கமாக வீடுகள் இருக்கும் பகுதியில் இது வழக்கமான புகார். கீழ் ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 200 எம்பிபிஎஸ் காட்டும். மாடி அறைக்குப் போனால் பிள்ளைகளின் ஆன்லைன் கிளாஸ் பாதியில் நின்றுவிடும். "பிளானை மாத்திடலாம்" என்று பலரும் முடிவெடுப்பது இங்கேதான்.

ஆனால், ஹாலில் முழு வேகம் கிடைக்கிறது என்றால் வீட்டுக்கு வரும் இணைப்பு சரியாகவே இருக்கிறது. வேகம் குறைவது ஹாலுக்கும் மாடிக்கும் நடுவில். 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் மாத பில் ஏறும். மாடி அறையில் பெரிதாக எதுவும் மாறாது.

அலைவரிசை கூடினால் என்ன ஆகும்?

இப்போது வீடுகளில் இருக்கும் பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4 மற்றும் 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4-ன் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. 5-ல் அது 6 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அலைவரிசை இரண்டு மடங்கானால், அதே தூரத்தில், அதே வகை ஆன்டெனாவுக்குக் கிடைக்கும் சக்தி கால் பங்காகக் குறையும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் 5 ஜிகாஹெர்ட்ஸை இன்னும் அதிகமாகத் தடுக்கும். தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியென்றால் 2.4 போதாதா? அங்கே இடம் குறைவு. மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒன்றோடொன்று மோதாமல் மூன்று சேனல்கள்தான் போட முடியும்: 1, 6, 11. பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி போர்ஷன் எல்லாருடைய ரவுட்டரும் இந்த மூன்றையே பகிர்ந்துகொள்ள வேண்டும். ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அவனும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் 2.4 திணறுவது இதனால்தான்.

5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018-ல் மத்திய அரசு 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. அகலமான சேனல் கிடைப்பதால் வேகம் அதிகம். தூரம்தான் குறைவு.

ஒரு குழப்பம்: வைஃபை பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று இருந்தால் அது மொபைல் 5ஜி இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம், அவ்வளவுதான்.

6 ஜிகாஹெர்ட்ஸ்: அரசு சொன்னது என்ன?

அமெரிக்கா 2020 ஏப்ரலில் 6 ஜிகாஹெர்ட்ஸில் 1,200 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்தது. இந்தியாவில் அந்த அனுமதி இல்லாததால், சோனி தன்னுடைய பிஎஸ்5 ப்ரோவை 2024-ல் இங்கே வெளியிடவில்லை.

2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதிகளை வெளியிட்டது. 5,925 முதல் 6,425 வரை, அதாவது 500 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்றது அந்த வரைவு. வீட்டுக்குள் அதிகபட்ச சக்தி 1 வாட். வெளியே 25 மில்லிவாட் மட்டுமே. இதே அலைவரிசையில் செயற்கைக்கோளுக்கு சிக்னல் அனுப்பும் சேவைகள் ஏற்கெனவே இருப்பதால், அவற்றுக்கு இடையூறு வராமல் இருக்கவே இந்தக் கட்டுப்பாடு. மொபைல் நிறுவனங்களோ இந்த அலைவரிசை தங்கள் சேவைக்கு வேண்டும் என்று கேட்டு வந்தன.

வைஃபை 7-ன் முழு வேகத்துக்கு 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் தேவை. 500 மெகாஹெர்ட்ஸுக்குள் அப்படி ஒன்றுதான் போட முடியும். அமெரிக்காவில் மூன்று.

அப்போ புது ரவுட்டர் வாங்கலாமா?

மாடி அறைக்காக என்றால், 6 ஜிகாஹெர்ட்ஸை நம்பி வாங்க வேண்டாம். அது 5-ஐவிடவும் சுவரில் சீக்கிரம் பலம் இழக்கும். ரவுட்டர் இருக்கும் அதே அறையில் பெரிய பைல் இறக்குபவர்களுக்கும் கேம் ஆடுபவர்களுக்கும்தான் அது உதவும்.

முதலில் செய்ய வேண்டியது

• ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் இரும்பு பீரோ பக்கத்திலிருந்தும் எடுங்கள். வீட்டின் நடுவில், உயரமாக, முடிந்தால் மாடிப்படி பக்கம் வையுங்கள்.

• ஹாலில் டிவி, லேப்டாப்பை 5-ல் இணையுங்கள். மாடியிலும் வாசலிலும் 2.4 போதும். ஒரு வீடியோ கிளாஸுக்கு 5 எம்பிபிஎஸ் தடையில்லாமல் வந்தாலே தாராளம்.

• 2.4-ல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள்.

• அப்படியும் வரவில்லையா? மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து, அங்கே இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக வைப்பதே நிரந்தரத் தீர்வு. ஒயர் இல்லாத ரிப்பீட்டர், வாங்கிய சிக்னலை அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பினால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

பிளானை மாற்றும் முன் ஒரே ஒரு சோதனை போதும். ரவுட்டர் பக்கத்தில் ஒருமுறை, மாடியில் ஒருமுறை ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் இணைப்பு நிறுவனத்திடம் கேளுங்கள். மாடியில் மட்டும் குறைவு என்றால், அந்தக் கூடுதல் மாதக் கட்டணத்தை ஒயருக்குச் செலவழிப்பதே லாபம்.