"மக்கு" என்று திட்டினால் போதுமா? பள்ளிக்கு ஒரு நர்சு வேண்டும்!

பையன் 5-ம் வகுப்பு. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். கிரிக்கெட் ஸ்கோர் அத்தனையும் அத்துப்படி. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துக்கூட்டத் திணறுகிறான். வாத்தியார் "மக்கு" என்கிறார். அப்பா முதுகில் நாலு வைக்கிறார். சென்னையில் இப்படி எத்தனையோ வீடுகள்!

இந்தப் பிள்ளைகள் மக்கு அல்ல. படிப்பதிலும் எழுதுவதிலும் மட்டும் தடுமாற்றம். டாக்டர்கள் இதை "டிஸ்லெக்சியா" என்கிறார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் கற்றல் குறைபாடு இடம்பெற்று இருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் பெறவும் வழி உண்டு. ஆனால், பிள்ளைக்கு இந்தக் குறை இருப்பதை முதலில் கண்டுபிடிப்பது யார்?

வருஷத்துக்கு ஒரு தடவை

2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டர்களும் நர்சும் பள்ளிக்கே வருகிறார்கள். கற்றல் குறைபாடும் அவர்கள் பட்டியலில் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அரசுப் பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. அன்றைக்குப் பையன் லீவு போட்டால் போச்சு! சீட்டு எழுதிக் கொடுத்தாலும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய எத்தனை தாய்மார்களால் முடியும்?

நர்சு எதற்கு?

"டிஸ்லெக்சியாவுக்கு ஊசி, மாத்திரை கிடையாதே, நர்சு எதற்கு?" என்று கேட்கலாம். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, ரத்தசோகையா, காலையில் பட்டினியா என்று அவர்தான் முதலில் பார்ப்பார். சிலருக்கு ஒரு மூக்குக்கண்ணாடியே போதும். எல்லாம் சரியாக இருந்தும் படிப்பு ஏறாவிட்டால் சோதனைக்கு அனுப்புவார். போனார்களா என்று விடாமல் விசாரிப்பார். அடிக்குப் பயந்து தினமும் "வயிற்றுவலி" என்று வரும் பிள்ளையின் நிஜமான வலியும் அவருக்குத்தான் புரியும். பிறகு தனிக் கவனத்தோடு சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலை.

1902-ல் நியூயார்க்கில் லினா ரோஜர்ஸ் என்ற நர்சை 4 பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நோய் என்று வீட்டுக்குத் துரத்தப்பட்ட பிள்ளைகள் மளமளவென்று வகுப்புக்குத் திரும்பினார்கள். உடனே மேலும் பல நர்சுகளை அந்த நகரம் நியமித்தது.

சென்னை மாநகராட்சிக்குச் சொந்தப் பள்ளிகளும் உண்டு, ஆஸ்பத்திரிகளும் உண்டு. பள்ளிக்கு ஒருவர் முடியாவிட்டால், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நாலைந்துக்கு ஒரு நர்சு என்றாவது ஆரம்பிக்கலாமே! படிப்பை விட்டு ஓடிய பிறகு கண்டுபிடித்து என்ன பயன்? அதிகாரிகள் கவனிப்பார்களா?