மலை ஏறும் வண்டி

"கார் என்றால் அமெரிக்காக்காரன் கார்தான் சித்தி, கார்!" என்று ஆரம்பித்தான் என் அக்காள் மகன்.

போடிநாயக்கனூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த நேரம். பையன் கையில் ஒரு படம். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. காராம். நடுத்தர உடம்புக்குள் எட்டு சிலிண்டர் எஞ்சின். 325 குதிரைச் சக்தி! அதே வருஷம் வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் ஆரம்ப விலை 2,368 டாலர்தானாம். பணக்காரன் வேகத்தைச் சம்பளக்காரனும் வாங்கலாம் என்பதுதான் அந்தக் கார்களின் பெருமை.

"நம்ம ஊரிலும் ஓர் அமெரிக்காக்காரன் இருக்கிறான். விடியற்காலையில் எழுந்திரு, காட்டுகிறேன்" என்றேன்.

மறுநாள் இருட்டோடு கடைத் தெருவுக்குப் போனோம். வரிசையாக ஜீப்புகள். தலையில் துண்டும் கையில் தூக்குச் சட்டியுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். போடியிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் இதே காட்சிதான். மலைக்கு அப்பால் இடுக்கி ஜில்லா ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை. பொழுது சாய வீடு திரும்ப வேண்டும்.

ஜீப்பின் பூர்வீகம் அமெரிக்காதான். 1941 முதல் 1945 வரை யுத்தத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. 1947-ல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் அதைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. பின்னால் உடம்பு நீண்டது. டீசல் எஞ்சின் வந்தது.

"எத்தனை குதிரைச் சக்தி சித்தி?"

"ஆதி ஜீப்புக்கு அறுபது."

பையன் சிரித்தான். சிரிக்கட்டும். மேட்டில் ஏறும்போது நாம் எட்டி நடப்போமா, குட்டை அடி வைப்போமா? ஜீப்பின் தந்திரமும் அதுதான். அதில் தனியாக ஒரு கியர்த்தடி உண்டு. அதைப் போட்டால் வேகம் பாதியாகும், இழுவை இரு மடங்காகும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கு வேண்டியது ஓட்டமல்ல, இழுவை.

ஆனால் என் மனசை உறுத்தியது வேறு. ஒரு ஜீப்பில் எண்ண ஆரம்பித்தேன். பதினைந்துக்கு மேல் எண்ண முடியவில்லை. பின்படியிலும் இருவர் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பயமாயில்லையா?" என்று கேட்டேன்.

"ஏறுறப்பப் பயமில்லம்மா, இறங்குறப்பத்தான். இந்த வண்டிய விட்டா இன்னைக்குக் கூலி போச்சே!" என்றாள் ஒருத்தி.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏற்றத்தில் பாரம் அதிகமானால் வண்டி திணறும், நிற்கும். இறக்கத்தில் அதே பாரம் பின்னாலிருந்து தள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் மிச்சம் என்று கியரை விடுவித்து உருட்டி வருவது எமனோடு பந்தயம் கட்டுவது. நல்ல டிரைவருக்கு இது தெரியும். ஆனால் இரண்டு நடை ஆட்களை ஒரே நடையில் திணித்தால் எந்த டிரைவர்தான் என்ன செய்வான்?

தோட்டத்துக்காரர்கள் இன்னொரு ஜீப்புக்கு வாடகை கொடுத்தால் குடி முழுகிவிடாது.

ஊர் திரும்பியதும் பாயசத்துக்கு ஏலக்காய் பொடித்தேன். பையன் வாசனை பிடித்துக்கொண்டு வந்தான்.

"சித்தி, அவங்க பத்திரமா இறங்கியிருப்பாங்க இல்ல?"

மஸ்டாங் படத்தை அவன் அப்புறம் தேடவே இல்லை.