ஐந்தாம் ஆட்டமும் ஒரு கூரையும்

நீலகிரியில் சமநிலம் அரிது. ஓர் ஊருக்குக் கால்பந்துத் திடல் அமைக்க வேண்டுமாயின், ஏறத்தாழ நூறு மீட்டர் நீளத்திற்குச் சரிவை வெட்டிச் சமன்செய்ய வேண்டும். வெட்டிய மண் மழைக்காலத்தில் யார் வீட்டின்மேல் இறங்குமோ என்று அஞ்சவும் வேண்டும். இறகுப்பந்து ஆடுகளத்திற்கோ 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் போதும். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே கிடைக்கும் சிறு தளத்தில் அது அடங்கிவிடும். மலைநிலத்திற்கு இத்துணைப் பொருந்தும் விளையாட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால், காற்று விடுவதில்லை. பதினாறு இறகுகள் செருகிய அந்தப் பந்தின் எடை ஐந்தரைக் கிராமுக்கு மேற்படாது. தஞ்சையில் பிறந்த நம் பூப்பந்து கம்பளி நூலால் ஆனது. 27 கிராமுக்குக் குறையாதது. அதனால் வெட்டவெளியில் ஆட முடிகிறது. இறகுப்பந்துக்கு அந்தப் பேறு இல்லை. மெல்லிய காற்றும் அதனைத் திசைமாற்றும். பனிமூட்டம் இறகுகளை நனைத்துக் கனக்கச் செய்யும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திறந்தவெளி ஆட்டத்தை வாரக்கணக்கில் மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே, இவ்விளையாட்டுக்கு வேண்டுவது நிலத்தைக் காட்டிலும் கூரையே. அக்கூரை இல்லாத குறைக்கும் சீனாவின் ஹாங்சோ நகரில் நம் அணி தங்கத்தைத் தவறவிட்டதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து.

2022ஆம் ஆண்டுக்குரிய ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஓராண்டு தள்ளி 2023இல் அங்கே நடைபெற்றன. ஆடவர் குழு இறகுப்பந்தில் ஓர் அணி மற்றோர் அணியுடன் மூன்று ஒற்றையர் ஆட்டங்களும் இரண்டு இரட்டையர் ஆட்டங்களும் மாறிமாறி ஆடும்; முதலில் மூன்றை வெல்லும் அணிக்கு வெற்றி. 1974, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் வெண்கலம் பெற்ற இந்திய ஆடவர் அணி, அதன்பின் 37 ஆண்டுகளாக இப்பிரிவில் பதக்கமே காணவில்லை. இம்முறை அரையிறுதியில் தென்கொரியாவை 3-2 என்று வென்றது. முதல் ஒற்றையரில் பிரணாயும் இரண்டாம் ஒற்றையரில் லக்சயா சென்னும் வென்றனர். இரட்டையர் ஆட்டங்கள் இரண்டும் கைவிட்டுப் போயின. ஐந்தாம் ஆட்டத்தில் இறங்கியவர் ஸ்ரீகாந்த். உலகத் தரவரிசையில் ஒருகாலத்தில் முதலிடத்தில் இருந்தவர் அவர். முதல் சுற்றை இழந்தும் மீண்டு வென்று, அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுசென்றார்.

மறுநாள், அக்டோபர் 1 அன்று, முதுகுக் காயத்தால் பிரணாய் களமிறங்கவில்லை. ஒருவர் விலகியதும் மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு படி மேலேற வேண்டியதாயிற்று. முதலிடத்திற்குச் சென்ற லக்சயா சென், ஷி யூச்சியை 22-20, 14-21, 21-18 என்று வென்றார். சாத்விக், சிராக் இணையும் வென்றது. சீனாவின் மண்ணில் இந்தியா 2-0 என முன்னிலை பெற்றது. இன்னும் ஓர் ஆட்டம் போதும். ஸ்ரீகாந்த் முதல் சுற்றில் 22-24 வரை போராடித் தோற்றார். அடுத்த சுற்றையும் இழந்தார். நான்காம் ஆட்டத்தில் துருவ் கபிலா, சாய் பிரதீக் இணை எதிர்கொண்ட லியு யூச்சென், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். சீனாவின் இரண்டாம் இணையிலேயே ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் ஆட்டத்தில் மிதுன் மஞ்சுநாத் 12-21, 4-21 என்று வீழ்ந்தார். இந்தியாவிற்குக் கிடைத்தது வெள்ளி.

மிதுனைக் குறைகூறுவது முறையாகாது. அந்நாளின் மிகக் கடுமையான ஆட்டம், அணியில் மிகக் குறைந்த அனுபவமுடைய ஒற்றையர் வீரரின் தோளில் விழுந்தது, அவ்வளவுதான். இதன் மறுபக்கத்தை ஓராண்டுக்கு முன்னரே கண்டோம். 2022இல் பாங்காக்கில் இந்தியா தாமஸ் கோப்பையை முதன்முறையாக வென்றபோது, காலிறுதியில் மலேசியாவுடனும் அரையிறுதியில் டென்மார்க்குடனும் 2-2 என்று நின்ற நிலையில் ஐந்தாம் ஆட்டத்தை வென்று காத்தவர் இதே பிரணாய். குழுப் போட்டியின் முடிவு பல நேரங்களில் ஐந்தாமவர் கையில் இருக்கிறது. நாமோ முதலாமவரின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

முதலாமவர் அரிய திறனால் எங்கிருந்தும் தோன்றிவிடலாம். ஐந்தாமவரும் பத்தாமவரும் அவ்வாறு தோன்றுவதில்லை. ஆயிரக்கணக்கான சிறுவர் நாள்தோறும் ஆடும் நாட்டில்தான் அவர்கள் உருவாகின்றனர். நாள்தோறும் ஆட வேண்டுமாயின் மழையிலும் ஆட வேண்டும். பெருநகரப் பயிற்சிக்கூடங்களை மட்டும் நம்பினால் அது கைகூடாது.

மலையில் பயின்றவர் சமவெளியில் தடுமாறுவார் என்று சிலர் மறுப்பர். அம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எதிர்ப்புக் குறைவதால் பந்து விரைந்து பறக்கும். அதற்காகவே பந்துகள் வெவ்வேறு வேக எண்களுடன் செய்யப்படுகின்றன. உயர்ந்த இடங்களில் வேகம் குறைந்த பந்தை எடுத்துக்கொள்வர். பின் எல்லைக்கோட்டிலிருந்து ஒருவர் கீழ்க்கை வீச்சில் முழு வலிமையுடன் அடிக்கும் பந்து, எதிர்ப்புற எல்லைக்கோட்டிற்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னதாக விழுந்தால் அப்பந்து அவ்விடத்திற்கு ஏற்றது. இச்சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கூரைக்குள் ஆடுவது மலைக்குப் புதிதன்று. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1880களில் உதகையின் கழகமொன்றில்தான் வகுக்கப்பட்டன. மழைக்கு ஒதுங்கிய ஆங்கிலேய அதிகாரிகளுக்கு ஆடுவதற்கென ஓர் அறை இருந்தது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளி மாணவனுக்கும் அத்தகைய ஓர் அறை வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகுமா?

தனி விளையாட்டரங்கம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்குக் கூட்ட அரங்கமோ ஊருக்குச் சமுதாயக்கூடமோ கட்டும்போது, ஆடுகளத்தைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு மீட்டர் இடம் விட்டு, உட்புறத்தை 18 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமாகத் திட்டமிடலாம். கூரையை ஒன்பது மீட்டர் உயர்த்தி, நடுவே உத்தரம் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளலாம். தரை வழுக்காததாக இருக்கட்டும். காலையில் அங்கே தேர்வு நடக்கலாம். திருமண நாள்களில் பந்தி நடக்கலாம். மாலை நான்கு மணிக்கு நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு வலையைக் கட்டினால், வெளியே மழை பெய்துகொண்டிருந்தாலும் ஆட்டம் தொடங்கிவிடும்.